அருமை என்று சொன்ன கோர்மக் டூமி

கார்க் நகரத்தில் நல்ல பார்சல் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று தெரிய வேண்டுமானால் கோர்மக் டூமியைப் பிடித்தால் போதும். ஓய்வு பெறும்வரை முப்பத்தோரு வருடம் ஊருக்குள் பஸ் ஓட்டியவர். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவு திறந்ததும் உள்ளே வருகிற வாசனையை வைத்தே, எந்தக் கடைக்காரன் இன்றைக்கு எண்ணெய் மாற்றினான், எவன் போன வாரத்து எண்ணெயிலேயே காலத்தை ஓட்டுகிறான் என்று அடித்துச் சொல்லுவார். மீன் வாங்க ஆற்றோரத்துக் கடை. சிப்ஸ்மேல் குழம்பு ஊற்றி வாங்க மாதா கோவிலுக்குப் பின்னால் இருக்கிற கடை, அதுவும் வியாழக்கிழமை வேண்டாம். சிப்ஸையும் கோழியையும் மிளகாயும் உப்பும் போட்டுக் காகிதப் பையில் குலுக்கித் தருகிறார்களே, அதற்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் சீனாக்காரர் கடையை விட்டால் வேறு கதி இல்லை. இறங்கப் போகிற பயணி ஒரு கேள்வி கேட்டால் பஸ்ஸை நிறுத்தி வைத்துவிட்டுப் பதில் சொல்லுவார். பின்னால் நிற்கிற கார்க்காரன் ஹாரன் அடித்தே செத்துப்போவான்.

கல்யாணம் ஆகவில்லை. வடக்கு மேட்டில், அப்பா அம்மா விட்டுப் போன வீட்டில், அக்கா நோரீனோடு வாழ்கிறார். வெள்ளிக்கிழமை மாலை அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததாகச் சரித்திரம் இல்லை. ஆறு மணிக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு கோர்மக் இறங்கிப் போவார், ஆறே முக்காலுக்குப் பார்சலோடு ஏறி வருவார். நோரீன் தட்டைச் சூடுபண்ணி வைத்துக் காத்திருப்பாள்.

இவ்வளவு கெட்டிக்காரருக்கு ஒரே ஒரு குறை. சொல்லப்போனால் அது ஊருக்கே உள்ள குறை, அவரை மட்டும் திட்டி என்ன பயன்? சமைத்தவன் முகத்துக்கு நேரே ‘நல்லா இல்லை’ என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. முடி வெட்டுகிறவன் பாதித் தலையை மொட்டையடித்தாலும் ‘பிரமாதம், ரொம்ப நன்றி’ என்று சொல்லி, மேலே காசும் கொடுத்துவிட்டு, வெளியே வந்து தொப்பி வாங்கிப் போட்டுக்கொள்ளுகிற ஜனங்கள் நாங்கள். சூப்பில் ஈ கிடந்தால் ஈயிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓரமாக ஒதுக்கிவைத்துக் குடிப்போம். குறையெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான். அப்போது மட்டும் வண்டி வண்டியாக வரும்.

அந்த வருடம் மார்ச் மாதம், மேட்டுக்குக் கீழே காலியாகக் கிடந்த துணிக்கடையில் ஒரு கபாப் கடை வந்தது. நடத்தியவன் ரெப்வார். குர்து தேசத்துச் சுலைமானியாக்காரன், முப்பத்தெட்டு வயது, ஒடிசலான ஆள். பத்து வருடமாக வேறு மாவட்டத்துக் கறித் தொழிற்சாலையில் குளிரில் நின்று வேலை பார்த்துச் சேர்த்ததையெல்லாம் இந்தக் கடையில் போட்டிருந்தான். மனைவியும் எட்டு வயது மகளும் லாங்ஃபோர்டில் மைத்துனன் வீட்டில் இருந்தார்கள். கடை ஒரு நிலைக்கு வந்ததும் அவர்களைக் கூட்டிவந்து மாடியில் இருக்கிற இரண்டு அறைகளில் குடிவைக்க வேண்டும். இதெல்லாம் முதல் நாளே கோர்மக்குக்குத் தெரிந்துவிட்டது. மாடி ஜன்னலில் மஞ்சள் பூப் போட்ட திரை அப்போதே மாட்டியாகிவிட்டது.

“மகளே தேர்ந்தெடுத்த துணி அண்ணே. போன்லயே காட்டி வாங்கினேன்,” என்றான் ரெப்வார்.

கோர்மக்குக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போனது. கபாபைத்தான் பிடிக்கவில்லை. சும்மா சொல்லக்கூடாது, அது கபாபே இல்லை. தொழிற்சாலையிலிருந்து உறைந்து வருகிற கறித்தூண், கம்பியில் மாட்டினால் தேமேயென்று சுற்றிக்கொண்டிருந்தது. சீவினால் அட்டை மாதிரி வந்தது. மேலே ஊற்றிய வெள்ளைச் சட்னி ஒரே சர்க்கரை. முதல் கடியிலேயே கோர்மக்கின் நாக்கு பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டது. எதிரே ரெப்வார், கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, பரீட்சை எழுதின பிள்ளை மாதிரி அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“எப்படி இருக்கு அண்ணே?”

“அருமையா இருக்கு தம்பி,” என்றார் கோர்மக். “அருமை!”

மிச்சத்தைக் காகிதத்தில் சுற்றி வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். பாலத்தருகே இருக்கிற குப்பைத்தொட்டியில் போட்டார். கடற்காகம் ஒன்று வந்து காகிதத்தைக் கிழித்து, ஒரு துண்டை எடுத்துப் பார்த்துவிட்டு, வைத்துவிட்டுப் போனது.

அதோடு நிறுத்தியிருந்தால் கதை இல்லை. எங்கள் ஊரில் பிடிக்காத கடைக்கு யாரும் இரண்டாம் தடவை போவதில்லை. முகத்துக்கு நேரே பாராட்டுவது, பிறகு எட்டிப் பார்க்காமல் இருப்பது, அதுதான் வழக்கம். ஆனால் ரெப்வாரின் கடை கோர்மக்கின் வீட்டுக்குப் போகிற வழியில் இருந்ததே! வாசலைத் தாண்டும்போதெல்லாம் அவன் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையை ஆட்டுவான். அந்தக் கையைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போக இவருக்கு மனசு வராது. வாரத்துக்கு ஒரு கபாப் வாங்கினார். ஒவ்வொரு தடவையும் ‘அருமை’ என்றார். தொட்டியில் போட்டார். பிறகு பாலத்தைத் தாண்டிப் போய்ச் சீனாக்காரர் கடையில் உண்மையான சாப்பாட்டை வாங்கிவந்தார்.

ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை வசமாக மாட்டிக்கொண்டார். சூடான மசாலாக் கோழிப் பையைக் கோட்டுக்குள் ஒளித்து, பொத்தானை மேலே வரை போட்டுக்கொண்டு நடந்தபோது ரெப்வார் கடைக்கு வெளியே நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“வாங்க அண்ணே, வாங்க! ஒரு டீ குடிச்சுட்டுப் போங்க!”

உள்ளே போனார். வேறு என்ன செய்வார்? பத்து நிமிடம் டீ குடித்தார். பை வயிற்றைச் சுட்டது. எண்ணெய் சட்டையில் ஊறியது. மிளகாய் வாசனை கழுத்துப் பக்கமாகக் குப்பென்று ஏறியது. ரெப்வார் மகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றி என்னென்னவோ சொன்னான், ஒன்றும் இவர் காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைத் தூக்கிப் பார்த்தால் தொப்புளுக்கு மேலே உள்ளங்கை அளவுக்குச் சிவந்திருந்தது.

“தேவைதான் உனக்கு!” என்றாள் நோரீன், மருந்தை எடுத்துப் பூசிக்கொண்டே. “போய் உண்மையைச் சொல்லித் தொலையேன்டா. சர்க்கரையைக் குறை, கறியை மாத்துன்னு சொன்னா அவன் என்ன கத்தியை எடுத்துக் குத்தவா போறான்?”

“நீயே போய்ச் சொல்லேன் அக்கா.”

“நானா? நல்லா இருக்கே! பாவம், ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கிற மனுஷன். அவன் முகத்தைப் பாத்து நான் எப்படிடா சொல்றது?”

“போன வாரம் நீ போனப்ப என்ன சொன்னே?”

நோரீன் மருந்துக் குப்பியை மூடினாள். “அருமைன்னேன்,” என்றாள்.

மே மாதம் ஒரு நாள் மத்தியானம் கோர்மக் அந்தப் பக்கம் போனபோது, கடைக்குள்ளே வேறொரு வாசனை. கொழுப்போடு அரைத்த ஆட்டுக்கறி நெருப்பில் சொட்டுகிற வாசனை. முப்பத்தோரு வருடத்தில் எந்த நிறுத்தத்திலும் கதவு வழியாக வராத வாசனை! அவருக்கு வாய் ஊறிவிட்டது.

“அது எனக்குத்தான் அண்ணே,” என்று ரெப்வார் கூச்சத்தோடு சிரித்தான். “பின்னால எனக்கு மட்டும் பண்ணிக்கிறேன். எங்க ஊர்ச் சாப்பாடு.” பிறகு துணியில் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தான். “அண்ணே, ஒண்ணு கேக்கணும். கறி சப்ளை பண்றவரு இந்த ஊர்க்காரங்களுக்கு இந்தத் தூண்தான் பிடிக்கும், உங்க ஊர்ச் சாப்பாட்டைப் போட்டா தொட மாட்டாங்கன்னு சொன்னாரு. நானும் நம்பினேன். ஆனா கூட்டம் வரலை. தூணை எடுத்துட்டு எங்க ஊர் மாதிரியே போடலாமான்னு யோசிக்கிறேன். உங்களுக்குச் சாப்பாடு தெரியும். நெஜத்தைச் சொல்லுங்க. இது நல்லா இருக்கா, இல்லையா?”

கேட்டானே! தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி கேட்டானே! ‘இல்லை’ என்று ஒரு வார்த்தை. கோர்மக் வாயைத் திறந்தார். எதிரே அந்த முகம். இரண்டு மாதமாக ‘அருமை, அருமை’ என்று சொல்லிவிட்டு இப்போது இல்லை என்றால் இத்தனை நாளும் பொய் சொன்னதாக ஆகிவிடாதா? நாக்கு தானாகவே பழைய வழியில் போனது.

“ஒண்ணும் மாத்தாதே தம்பி. இப்படியே அருமையா இருக்கு. கூட்டம் தானா வரும்.”

ரெப்வாரின் முகம் மலர்ந்தது. “நீங்க சொன்னா சரிதான் அண்ணே!” என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். அதோடு விடவில்லை. போனை எடுத்து, கையில் ஒரு கபாபைக் கொடுத்து, கட்டைவிரலைத் தூக்கச் சொல்லிப் படம் பிடித்தான். அடுத்த வெள்ளிக்கிழமை கோர்மக் கீழே இறங்கியபோது கடைக் கண்ணாடியில் கோர்மக்கே நின்றார். ஆளுயரத்தில் பாதி. கீழே கொட்டை எழுத்தில்: ‘கோர்மக்குக்குப் பிடித்த கபாப்.’

அந்தக் கோடை முழுக்க அவர் தன் படத்தைத் தானே பார்க்கப் பயந்து எதிர்ப்பக்கத்து நடைபாதையில் நடந்தார். தெருக்காரர்கள் கேலி பண்ணினார்கள். “என்ன கோர்மக், ரெண்டு பேருக்கும் என்ன தகராறு? உன் ஆளு அங்க நிக்கிறான், நீ இங்க வர்றே?” சிரித்து மழுப்பினார். ராத்திரி படுத்தால் மஞ்சள் பூத் திரை கண்ணில் வந்தது. நான்தான் கெடுத்தேன், நான்தான் கெடுத்தேன் என்று மனசு குறுகுறுத்தது.

தாங்க முடியாமல் ஆகஸ்டில், ஒன்பது வருடத்துக்குப் பிறகு, மாதா கோவிலுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனார். மரத்தட்டிக்கு அந்தப் பக்கம் பாதிரியார் பொறுமையாகக் கேட்டார்.

“பொய் சொல்லிட்டேன் ஃபாதர். ஒருத்தன் பிழைப்பு கெடுற மாதிரி பொய்.”

“என்ன பொய்?”

“கபாப் அருமைன்னு சொல்லிட்டேன்.”

தட்டிக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு மெதுவாக ஒரு குரல்: “மேட்டுக்குக் கீழ இருக்கிற கடையா?”

“ஆமா ஃபாதர்.”

“நானும் அப்படித்தான் சொன்னேன்,” என்றார் பாதிரியார். ஒரு பெருமூச்சு விட்டார். மூன்று மங்கள வார்த்தை ஜெபம் சொல்லச் சொன்னார். “முடிஞ்சா போய் உண்மையைச் சொல்லு,” என்றும் சேர்த்தார். தான் போய்ச் சொல்லுவதாகச் சொல்லவில்லை.

ஜெபத்தை மூன்று தடவையும் சொன்னார் கோர்மக். உண்மையைச் சொல்லப் போகவில்லை. இந்த வாரம், அடுத்த வாரம் என்று செப்டம்பரும் போனது. கடையில் ஆள் குறைந்துகொண்டே வந்தது. எப்படிக் கூடும்? பஸ் நிறுத்தத்தில், மதுக்கடையில், சவ ஊர்வலத்தில் கூட ஜனங்கள் இவரைத்தான் கேட்டார்கள், நல்ல கபாப் எங்கே என்று. அங்கே மட்டும் இவர் வாயில் சத்தியம் தாண்டவமாடியது. ஒரு தடவைகூட ரெப்வாரின் கடையைச் சொன்னதில்லை. சாப்பாட்டு விஷயத்தில் ஊர்க்காரர்களை ஏமாற்ற அவருக்கு மனசு வரவில்லையாம்! என்ன மனசோ அது.

அக்டோபர் கடைசியில் ஜாஸ் திருவிழாவுக்கு ஊர் நிறைந்தது. சனிக்கிழமை மத்தியானம், ரயிலில் வந்து இறங்கிய ஒரு கணவனும் மனைவியும், நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்த கோர்மக்கிடம் கபாப் கடை கேட்டார்கள். வழக்கம்போல் இவர் பாலத்தைத் தாண்டி இரண்டாவது சந்தில் இருக்கிற துருக்கிக்காரர் கடைக்கு வழி சொன்னார். மறந்தும்போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, எதிர்ப்பக்கத்து நடைபாதையில் போகும்போது கண் தானாகத் திரும்பியது. கண்ணாடியில் படம் இல்லை. ஒட்டிய இடம் மட்டும் சதுரமாகச் சுத்தமாகத் தெரிந்தது. மேலே பார்த்தார். மாடி ஜன்னலில் திரை இல்லை. வீட்டுக்கு ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது, அதைச் சொல்லாமல் மறைப்பானேன். ஆனால் கால் சாலையைக் கடந்தது.

நாற்காலிகள் மேசைமேல் கவிழ்ந்திருந்தன. கறித்தூண் மாட்டுகிற கம்பி மொட்டையாக நின்றது. ரெப்வார் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான்.

“வாங்க அண்ணே,” என்றான், எப்போதும்போல. “ஞாயித்துக்கிழமை கிளம்புறேன். கடையை வேற ஆளுக்கு விட்டாச்சு. செல்போன் ரிப்பேர் வருதாம். நான் பழைய கறித் தொழிற்சாலைக்கே போறேன், எடுத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க.”

“படம்...” என்றார் கோர்மக்.

“ஆமா, படம்.” ரெப்வார் பெட்டியை ஒட்டுகிற நாடாவைக் கிழித்தான். “போன சனிக்கிழமை ஒரு புருஷன் பொண்டாட்டி வந்தாங்க. சாப்பிட வரலை, வழி கேக்க வந்தாங்க. பாலத்துக்கு எப்படிப் போறதுன்னு. ‘உங்க கண்ணாடியில இருக்காரே, அந்தப் பெரியவர்தான் சொன்னாரு, நல்ல கபாப் அங்கதானாம்’னாங்க.”

கோர்மக் பக்கத்தில் இருந்த நாற்காலியை இறக்கிப் போட்டு உட்கார்ந்தார். பிறகு எல்லாம் வந்தது. அட்டை மாதிரி கறி, சர்க்கரைச் சட்னி, பாலத்தருகே தொட்டி, கோட்டுக்குள் பை, பாவசங்கீர்த்தனம், ஒன்றையும் விடவில்லை. எட்டு மாதம் சொல்லாததை எட்டு நிமிடத்தில் சொன்னார். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தே சொன்னார்.

“அந்தப் பையா?” என்றான் ரெப்வார். “வாசனை வந்துச்சு அண்ணே. அக்காவுக்கு உடம்பு சரியில்லை போல, அவங்க கேட்டதை வாங்கிட்டுப் போறீங்கன்னு நினைச்சேன்.”

“நீ கேட்டப்பவே சொல்லியிருக்கணும். உன் மனசு நோகுமேன்னு...”

“மனசு நொந்திருந்தா ரெண்டு நாள்ல சரியாயிருக்கும்.” அவன் குரல் உயரவில்லை. “நான் கேட்டேன்ல அண்ணே. மாத்தட்டுமான்னு கேட்டேன்ல.”

“கேட்டே.”

“ஊர்ல எல்லாரும் அருமைன்னுதான் சொன்னாங்க. யாருமே திரும்பி வரலை. நீங்க மட்டும்தான் திரும்பித் திரும்பி வந்தீங்க. அதனாலதான் உங்களை நம்பினேன்.”

“மன்னிச்சுடு தம்பி,” என்றார் கோர்மக். அந்த மூன்று மங்கள வார்த்தையைப்போல இதுவும் எங்கேயும் போய்ச் சேராத மாதிரி அவருக்கே தோன்றியது.

“சரி விடுங்க, பரவாயில்லை,” என்றான் ரெப்வார். எங்கள் ஊர்க்காரன் சொல்லுகிற அதே ‘பரவாயில்லை’. பத்து வருடத்தில் அதை நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தான். “நான் இன்னும் மத்தியானம் சாப்பிடலை. உங்களுக்கும் சேர்த்து வைக்கட்டுமா?”

பின்னால் அடுப்புப் பற்றிக்கொள்ளுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அந்த வாசனை வந்தது. ரெப்வார் ஒரே ஒரு தட்டோடு வந்து, “நான் அப்புறம் சாப்பிட்டுக்கறேன்,” என்று அவர் முன்னால் வைத்தான். பட்டையான கம்பியிலிருந்து உருவிய கறி, நெருப்பில் வாட்டிய தக்காளி, கையால் தட்டிய ரொட்டி, புளிப்புத்தூள் தூவிய வெங்காயம். கோர்மக் ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து, கறியைச் சுருட்டி, வாயில் வைத்தார்.

மெல்லுவதை நிறுத்திவிட்டார். கறி பல்லுக்கு வேலை வைக்கவில்லை. கொழுப்பும் புகையும் வெங்காயத்தின் புளிப்பும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இது இந்தச் சுவருக்குப் பின்னால் தினமும் வெந்துகொண்டிருந்ததா? இதை ஒரு வாரம் வெளியே வைத்திருந்தால் மேட்டிலிருந்து பாலம் வரை வரிசை நின்றிருக்குமே. ஒரு ‘இல்லை’ சொல்லியிருந்தால் போதுமே!

நிமிர்ந்து பார்த்தார். ‘எப்படி இருக்கு அண்ணே?’ என்று அவன் கேட்பான் என்று காத்திருந்தார். ரெப்வார் கேட்கவில்லை. மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“ரெப்வார்,” என்றார் கோர்மக். “இது அருமையா இருக்கு. இந்த ஊர்லயே, என் வாழ்நாள்லயே இப்படி ஒண்ணைச் சாப்பிட்டதில்லை.”

“சந்தோஷம் அண்ணே. ரொம்ப நன்றி.”

“டேய், நெஜமாத்தான்டா சொல்றேன்!”

“சரிங்கண்ணே, சரி.” ரெப்வார் மரியாதையாகச் சிரித்தான். தட்டைப் பார்த்தான், அவர் ஈரக் கண்ணைப் பார்த்தான். “எனக்காகக் கஷ்டப்பட்டுச் சாப்பிட வேணாம். முடியலைன்னா அப்படியே வச்சிடுங்க, நான் எடுத்துக்கறேன்.”

கோர்மக் வைக்கவில்லை. ஒரு துணுக்குக் கறியையும் விடாமல், வெங்காயத்தின் கடைசி இழை வரை சாப்பிட்டார். ரொட்டியால் தட்டைச் சுற்றிச் சுற்றித் துடைத்தார். தட்டைத் தூக்கி அவனிடம் காட்ட வேண்டும் என்று திரும்பினார். ரெப்வார் அந்தப் பக்கம் குனிந்து, ஃபிரிட்ஜின் வயரைப் பிடுங்கிக் கையில் சுற்றிக்கொண்டிருந்தான்.